மீசையைப் பார்க்கத் திருப்பிய மரம்

தெளிவூர்க்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன். சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஜனங்கள். அவர்களிடம் உள்ள ஒரே கஷ்டமும் அதுதான்.

ஊர் முகப்பில் சொர்ணத்தாயின் டீக்கடை. கடைக்குக் கூரையே ஒரு பூவரச மரம்தான். ரோட்டை அகலப்படுத்த வந்த ஆபீசர், மரத்தை வெட்டணும் என்றதும் அவள் வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"நிழல் போச்சுன்னா எவன்யா வந்து எங்கிட்ட டீ குடிப்பான்?"

ஆபீசர் மேலே பார்த்தார். புதிதாகக் கட்டிய கூட்டில் ஒரு கொண்டைக்குருவி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. இன்னும் முட்டையிடவில்லை.

"இதுல ரெண்டு வகை உண்டு. ரெண்டுக்கும் கொண்டை, ரெண்டுக்கும் வாலடியில சிவப்பு. ஒண்ணுக்கு மட்டும் கன்னத்துல சிவப்பு மீசை. இங்க அது அபூர்வம். மீசை இருந்தா மரத்தைத் தொட மாட்டோம், ரோட்டை வளைச்சிருவோம்" என்றவர், பக்கத்தில் நின்ற மாடக்கண்ணுவிடம், "நீ இங்கயே நகராம நின்னு பார்த்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாடக்கண்ணு நின்றான். வால்தான் தெரிந்தது. கூட்டாளிகள் பிச்சையாவும் தளவாயும் வந்து சேர்ந்தார்கள்.

"சிவப்பு தெரியுதுலே!"

"எந்தக் குருவியோட சிவப்பு?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

தளவாய் ரொம்ப நேரம் யோசித்தான். "மீசைக்குருவியே காலையில சவரம் பண்ணியிருந்தா?"

மூவருக்கும் வியர்த்துவிட்டது.

சொர்ணத்தாய்க்குப் பொறுக்கவில்லை. மரத்தைச் சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "மீசை இருக்குடே! ரத்தச் சிவப்பா இருக்கு!"

"மரத்துக்காரி சாட்சி செல்லாது மதினி. பார்த்துச் சொல்லச் சொன்னது இவனைத்தான்" என்றான் பிச்சையா.

"அப்ப நீ வந்து பாருலே, மாடக்கண்ணு!"

"நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. உங்க நல்லதுக்குத்தான் நிக்கேன்."

தலையில் அடித்துக்கொண்டு அவள் பால் வாங்கப் போனாள். போன கையோடு தளவாய்க்கு யோசனை பிறந்தது.

"இவன்தானே நகரக் கூடாது? மரம் நகரலாம்லா?"

ஊரே மண்வெட்டியோடு திரண்டது. வேரைச் சுற்றித் தோண்டி, கயிறு கட்டி, குருவிக்கு நோகாமல் மெல்லத் திருப்பினார்கள். குருவிக்கு முகத்தில் வெயில் பட்டது. அதுவும் திரும்பி உட்கார்ந்தது. மறுபடி வால்.

"இன்னும் கொஞ்சம் திருப்புங்கடே!"

திருப்பினார்கள். மரம் மடமடவென்று கடைமேல் சாய்ந்தது. குருவி பறந்து வந்து, மாடக்கண்ணுக்கு நேரே மைல்கல்லில் உட்கார்ந்து, முகத்தைக் காட்டிக் கூவியது.

"மீசை! மீசை!" என்று ஊரே கத்தியது.

அப்போதுதான் ஆபீசர் திரும்பி வந்தார். மைல்கல்லைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"சொன்னா சொன்னதுதான். இந்த மரத்தை இனி யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு ரோட்டை வளைக்கப் போய்விட்டார். அவருக்கும் சொந்த ஊர் தெளிவூர்தான்.

பால் தூக்கோடு வந்த சொர்ணத்தாய் அலறினாள். "பாவிகளா, என் நிழல் போச்சே!"

"எங்க போச்சு மதினி? மரத்துக்கு அடியிலதான் கிடக்கு. வர்றவங்களைப் படுத்துக்கிட்டே டீ குடிக்கச் சொல்லுங்க" என்றான் மாடக்கண்ணு. "எனக்கு மட்டும் இங்க கொண்டாங்க. நகரலாம்னு அவரு இன்னும் சொல்லலை."