பதினோராவது கை

முன்னொரு காலத்தில் நெடுங்காவூரைச் சிம்மபூபதி என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நடுங்க வைத்தார் என்பதுதான் நிஜம். அவர் தும்மினால்கூட அரண்மனையில் நாலு பேர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

ஒருநாள் காலை, பாலைக் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். "கசக்கிறது! விஷம்!"

சமையல்காரன் வீரபாகு ஓடிவந்து மீதிப் பாலை மடக்மடக்கென்று குடித்துக் காட்டினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் தளவாய் கங்காதரன் விடவில்லை. வீரபாகுவின் மனைவி பூரணத்தம்மாள் நாடி பிடிப்பதில் கெட்டிக்காரி. ஊரே அவளைக் கொண்டாடுவது தளவாய்க்கு வெகுநாள் எரிச்சல்.

"மகாராஜா, குற்றவாளியின் நாடி துடிக்கும். தொட்டுப் பாருங்கள்" என்றார்.

வீரபாகுவின் நாடி தறிகெட்டு அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும்? எதிரே நிற்பது சிம்மபூபதி ஆயிற்றே!

"பொழுது சாய்ந்ததும் இவனை யானைக் காலில் போடுங்கள்" என்றார் ராஜா.

பூரணத்தம்மாள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கைகூப்பிச் சொன்னாள். "மகாராஜா, நாடிதான் சாட்சி என்றால் எல்லோர் நாடியையும் பார்த்துவிடுவோம். முகத்தைப் பார்த்தால் நான் பயந்துபோவேன். நடுவில் திரை கட்டுங்கள். கையை மட்டும் நீட்டட்டும். எது அதிகமாகத் துடிக்கிறதோ அதைச் சொல்கிறேன்."

ராஜாவுக்கு இந்த விளையாட்டுப் பிடித்துப்போயிற்று. தளவாய் அவர் காதில் குசுகுசுத்தார். "தாங்களும் கையை நீட்டுங்கள். தப்பித்தவறித் தங்களைச் சொன்னால், புருஷனோடு அவளுக்கும் யானைக் கால்தான்." ராஜா சிரித்துக்கொண்டே மோதிரங்களைக் கழற்றினார்.

கைகள் ஒவ்வொன்றாகத் திரைக்கு இந்தப் பக்கம் வந்தன. எல்லா நாடியும் வேகமாகத்தான் ஓடின. பதினோராவது கையை அவள் விடவில்லை.

"இதுதான். இவ்வளவு பயந்த நாடியை நான் பிடித்ததே இல்லை. இவர் நிம்மதியாகத் தூங்கி வருஷக்கணக்காகிறது. பித்தம் தலைக்கேறிவிட்டது. இவர் வாயில் தேனை ஊற்றினாலும் கசக்கும்."

திரை விலகியது. அங்கே நின்றது ராஜா! தளவாய் பல்லை இளித்தார். "மகாராஜாவையே குற்றவாளி என்கிறாயா?"

"குற்றம் என்று சொன்னது நீங்கள், ஐயா. நான் பயம் என்றுதான் சொன்னேன்." பிறகு ராஜாவிடம் திரும்பினாள். "கையைக் காட்டுங்கள் என்று கேட்டால் காட்டியிருப்பீர்களா, மகாராஜா? திரை என்றால் தாங்கள் சும்மா இருக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் கேட்டேன்."

ராஜாவின் மீசை துடித்தது. போச்சு, தலை உருளப்போகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"எனக்கு யாரிடம் பயம்? சொல்!"

"அது நாடியில் தெரியாது. தாங்கள்தான் தங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்."

ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தார்.

கடைசியில் சொன்னார்: "அண்ணன் தூங்கும்போது கதவைப் பூட்டி, அவரை நிலவறையில் அடைத்துத்தான் நான் ராஜாவானேன். நான் செய்ததை எல்லோரும் எனக்குச் செய்வார்கள் என்று பயந்து அன்றிலிருந்து எதிரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாலில் தேடினேன், சமையல்காரனிடம் தேடினேன். என்னிடம் மட்டும் தேடவில்லை."

வீரபாகுவின் கட்டை அவிழ்த்தார்கள். பூரணத்தம்மாளுக்குத் தன் முத்துமாலையைக் கொடுத்தார் ராஜா. பிறகு தளவாயின் கையைப் பிடித்துப் பார்த்தார். "தண்டோரா மாதிரி அடிக்கிறதே! உம்முடைய நியாயப்படி உம்மையல்லவா யானைக் காலில் போட வேண்டும்?" சபை சிரித்தது. தளவாய் தலை கவிழ்ந்தார். "சிறைச் சாவிகளைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வாரும்" என்றார் ராஜா.

நிலவறைக் கதவு திறந்தது. அண்ணன் மூலையில் ஒடுங்கிக்கொண்டார். ராஜா அவர் மணிக்கட்டைத் தொட்டார். நாடி படபடவென்று ஓடியது.

"பயப்படாதீர்கள், அண்ணா. நான்தான்."

"தெரியும் தம்பி. அதனால்தான்."

ராஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாடி அடங்கும்வரை அவர் கையை விடவில்லையாம். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதாம்.