கையெழுத்துப் போட்டது யார்?

அங்கன்வாடியில் வேலை பார்த்த செங்கமலத்துக்கு நாற்பத்திரண்டு வயது. பட்டம் இருந்தால்தான் மேற்பார்வையாளர் பதவி என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு முன் பாதியில் விட்ட மூன்றாம் ஆண்டை முடிக்க, பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தோடு தன் பழைய கல்லூரிக்கே போனாள்.

முதல்வர் குலோத்துங்கன் அந்தக் கடிதத்தைப் பிரிக்கவேயில்லை.

"பேரன் பேத்தி எடுக்கிற வயசுல காலேஜா? சரி, கடைசியா படிச்ச காலேஜ் முதல்வர்கிட்ட நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிட்டு வா. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வரணும். இல்லேன்னா இடம் கிடையாது."

"சரிங்க சார்" என்றவள், நேரே கல்லூரி அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தாள். தலைமை எழுத்தர் பழைய பதிவேட்டைப் புரட்டினார். அவள் பேரில் ஒரு குறையும் இல்லை. சான்றிதழை அடித்து, மற்ற காகிதங்களோடு முதல்வர் அறைக்கு அனுப்பினார். முதல்வர் அத்தனையிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

நாலரை மணிக்கு அதைக் கொண்டுபோய் நீட்டினாள். அறையில் இரண்டு பேராசிரியர்களும் இருந்தார்கள். நடுவில் இரண்டு வரி படித்ததுமே முதல்வர் மேசையைத் தட்டினார்.

"இருபது வருஷமா கண்ணுல காணாதவளுக்கு நன்னடத்தையா? படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்ட மடையன் எவன்?"

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெரியவங்க பேரை நான் எப்படி சார் என் வாயால சொல்றது? கீழே இருக்கு, நீங்களே படிச்சிடுங்க."

படித்தார். பேராசிரியர்கள் இருவரும் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் செங்கமலம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.