நல்ல காலில் கட்டு

சங்கவி நெருஞ்சி முள் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கடலோர ஊர் கிரவுண்டு அது. புல் இருக்கிற இடத்தைவிட நெருஞ்சி படர்ந்த இடம்தான் அதிகம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும், எவ்வளவு பெரிய டீமில் ஆடுகிறவளாக இருந்தாலும், முதலில் நடுக்கிரவுண்டில் உட்கார்ந்து ஒரு டப்பா நிறைய முள் பொறுக்க வேண்டும். அப்புறம்தான் பந்தைத் தொடலாம். சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஷூ கிடையாது, வெறுங்காலோடுதான் ஆடுவார்கள்.

எல்லாரும் குந்தி உட்கார்ந்துதான் பொறுக்குவது. சங்கவி மட்டும் வலது காலை நீட்டிப்போட்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

எதிரே கோமளா அக்கா பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா அந்தக் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டாள் என்பது சங்கவிக்கும் தெரியும்.

அந்த ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குக் கோமளாதான் ஃபுட்பால் கோச்சு. இன்னும் நாற்பது ஆகவில்லை. ஒரு காலத்தில் மாநில டீமில் நடுவில் ஆடியவள். பேச்சு குறைவு. ஏதாவது கேட்டால் பதில் சொல்லமாட்டாள், கையில் ஒரு வேலையைக் கொடுப்பாள். சங்கவி சின்னப் பிள்ளையாய் இருந்தபோது, எல்லாரும் கோல் போடுகிறார்கள், நான் மட்டும் ஏன் நடுவிலேயே நிற்கணும் என்று அழுதாள். அக்கா அன்றைக்கு அவளை ஆடவிடவில்லை. குடத்தைக் கொடுத்து எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டாள்.

"யாராவது உன் பேரைச் சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"யாருக்காவது நாக்கு வறண்டுச்சா?"

"இல்லக்கா."

"அதான் மிட்ஃபீல்டு."

சங்கவி அதற்குப் பிறகு அழவில்லை.

அக்கா சொல்லிக்கொடுத்தது இன்னொன்றும் உண்டு. அதை வெளியாள் காதில் விழாமல்தான் சொல்வாள். வலிக்கிற காலை யாருக்கும் காட்டாதே. பேண்டேஜை நல்ல காலில் கட்டு. எதிராளி கட்டுப் போட்ட காலைத்தான் தேடி வந்து மிதிப்பாள். மிதித்துவிட்டுப் போகட்டும், நல்ல கால் தாங்கும்.

சங்கவி பள்ளிக்கூடம் முடித்த கையோடு வெளியூர் கிளப் ஒன்று அவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. போன வருஷம் ஒரு ஆட்டத்தில் சட்டென்று திரும்பும்போது வலது முட்டிக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது. வெளியே தெரியாத வலி. அக்கா சொன்னபடியே செய்தாள். இடது முட்டியில் கட்டினாள். எதிராளிகள் இடது காலைத் தேடித் தேடி மிதித்தார்கள். இவள் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய இடத்தில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக நடந்துவிட்டது. கட்டைப் பார்த்த கிளப் பிசியோ இடது காலுக்கு ஐஸ் வைக்க ஆரம்பித்தாள். தினம் சாயங்காலம் நல்ல முட்டி ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும். ஹாஸ்டல் பிள்ளைகள், சங்கவி இங்கே இருக்கிறாள், அவள் முட்டி மட்டும் ஊட்டியில் குடியிருக்கிறது என்று கேலி செய்வார்கள். சங்கவியும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போர்வைக்குள் வலது முட்டியை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த கிளப்பில் காலில் அடிபட்டவளுக்கு வீட்டுக்கு டிக்கெட்தான். சங்கவியோடு ஒரே அறையில் இருந்தவள் காலையில் அழுதுகொண்டே போனாள், மத்தியானம் அந்தக் கட்டிலில் வேறொருத்தி பெட்ஷீட் விரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. நாள் போகப் போக, சொன்னால் இத்தனை நாள் ஏமாற்றினாயா என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

சீசன் முடிந்ததும், புது ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் முட்டியை ஸ்கேன் எடுத்தார்கள். இடது முட்டியை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான முட்டியைத் தான் பார்த்து நாளாச்சு என்றார்.

ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். அதையும் அவள் ஆடிப் பழகிய கிரவுண்டிலேயே, ஊர்க்காரர்கள் முன்னால் கையெழுத்து வாங்குவதென்று கிளப் முடிவு செய்தது. இன்றைக்குத்தான் அது. சங்கவி கையெழுத்துப் போட்டால் இங்கிருந்து இன்னும் ரெண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வதாகவும், கிரவுண்டில் தண்ணீருக்கு போர்வெல் போட்டுத் தருவதாகவும் கோமளாவிடம் பேசியிருந்தார்கள். அந்த ரெண்டு பேர் கயலும் ரஞ்சிதாவும். புது ஷூ வந்ததிலிருந்து அதைக் கழற்றவில்லை, காலையில் ஷூவோடு உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டார்களாம். சங்கவியின் அம்மா விடிந்ததும் விடியாததுமாகக் கேசரி கிளறித் தெருவுக்கே கொடுத்துவிட்டிருந்தாள்.

டப்பா பாதி நிறைந்திருந்தது.

"அக்கா, எங்க டீம்ல ஒரு பொண்ணு," என்றாள் சங்கவி.

"ம்."

"அவளுக்கு முட்டியில ஏதோ பிரச்சனை. யாருகிட்டயும் சொல்லல. சொல்லலாமா வேணாமான்னு என்னைக் கேக்குறா."

"எங்க ஆடுறா?"

"நடுவுலதான்."

கோமளா எழுந்துபோய் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சங்கவியை எழுந்து நிற்கச் சொன்னாள். கொஞ்சம் தள்ளி நின்று, பந்தைக் கையாலேயே அவளுடைய வலது பக்கம் உருட்டிவிட்டாள்.

சங்கவி உடம்பைச் சுற்றிக்கொண்டு இடது காலால் வாங்கினாள்.

மறுபடியும் வலது பக்கம். மறுபடியும் இடது கால்.

அடுத்த பந்து வலது காலுக்கு நேராக வந்தது, சுற்றிக்கொள்ள நேரமில்லாமல். சங்கவி தோளை லேசாக அசைத்து, பின்னால் வேறு யாருக்கோ விட்டுக்கொடுப்பதுபோல காலுக்கு அடியில் பந்தைப் போகவிட்டாள். எதிராளி ஒருத்தி நின்றிருந்தால் ஏமாந்திருப்பாள்.

"நல்லா மறைக்கிறா அந்தப் பொண்ணு," என்றாள் கோமளா. "எனக்கு இவ்வளவு வராது."

சங்கவி அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"வலிக்குதுக்கா."

அந்த வார்த்தையை அவள் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. போனில் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

"எப்பல்லாம்?"

"படி ஏறும்போது. திரும்பும்போது. இப்ப சும்மா படுத்திருந்தாக்கூட."

கோமளா தலையை ஆட்டினாள். ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்கும் இப்படித்தானே இருந்துச்சு?"

"ம்."

"உங்க கோச்சுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னாரு?"

"'நல்லா ஆடு'ன்னாரு."

"நீங்க?"

"ஆடினேன்."

மிச்சக் கதை ஊருக்கே தெரியும். மாநில டீமுக்காக ஆடிய கடைசி இறுதி ஆட்டத்தில் கோமளாவை யாரும் இடிக்கவில்லை, மிதிக்கவில்லை. கப் இவர்களுக்குத்தான் என்று ஆன பிறகு, கடைசி நேரத்தில் தனியாகத் திரும்பினாள், தனியாக விழுந்தாள். அதற்குப் பிறகு அவள் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு எல்லாமே கையால் உருட்டித்தான் சொல்லிக்கொடுப்பாள்.

"அவரு மேல உங்களுக்குக் கோவமே வரலையா?"

கோமளா கையிலிருந்த பந்தின் மேல் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அவருக்கு அப்ப வேலை நிரந்தரமாகணும். கப் ஜெயிச்சாதான் ஆகும்."

"ஆச்சா?"

"ஆச்சு. என் கல்யாணத்துக்கு வந்தாரு. குக்கர் குடுத்தாரு." கொஞ்சம் நிறுத்தி, "நல்ல குக்கர். இன்னும் உழைக்குது," என்றாள்.

சங்கவிக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. வரவில்லை.

வாசல் பக்கம் வேன் வந்து நின்றது. நாலு பேர் இறங்கி பேனர் கட்டினார்கள். பேனரில் சங்கவி பந்தோடு ஓடுகிறாள், இடது முட்டியில் வெள்ளைக் கட்டு சுவர் உயரத்துக்குத் தெரிகிறது. ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். கயலும் ரஞ்சிதாவும் ஓடிப்போய் பேனருக்குக் கீழே நின்றுகொண்டார்கள். கயல் இங்கே திரும்பி, தலையில் வைத்திருந்த பூவைத் தொட்டுக் காட்டி, சரியா இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே சைகையில் கேட்டாள்.

கோமளா கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் மேலே என்று காட்டினாள்.

கயல் பூவைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லுங்கக்கா," என்றாள் சங்கவி. "கையெழுத்துப் போடவா? இல்ல, எந்தக் கால்னு அவங்ககிட்டச் சொல்லிடவா? நீங்க என்ன சொல்றீங்களோ அதையே செய்றேன். இதுவரைக்கும் அப்படித்தானே செஞ்சிருக்கேன்."

கோமளா பந்தைக் கீழே வைத்தாள். ஓரத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள், முள் டப்பாவைப் பார்த்தாள். எதைக் கேட்டாலும் ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துப் பதில் சொல்கிறவளுக்கு அன்றைக்குக் கொடுக்க ஒன்றும் அகப்படவில்லை.

"என்னைக் கேக்காத சங்கவி," என்றாள். "நானும் உன்னோட அந்தக் கால்லதான் நிக்கிறேன்."

சங்கவி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேனருக்குக் கீழே நிற்கிற ரெண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். அதற்குள் கூடிவிட்ட ஊர்க் கூட்டத்தில் அம்மா கேசரிப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப நான் யாரைத்தான் கேக்குறது?"

"உன்கிட்டேருந்து ஒண்ணும் வேண்டாதவங்க யாராவது இருந்தா," என்றாள் கோமளா, "அவங்களப் போயி..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மைக்கில் சங்கவியின் பேரைக் கூப்பிட்டார்கள்.