பதினொரு நொடி வணக்கம்

"டிரெய்னிப் பொண்ணு இன்னையோட அவுட்டாம்" என்று காபி மெஷின் பக்கம் யாரோ சொன்னது பயிற்சிக்கு வந்திருந்த பூங்கோதையின் காதில் விழுந்தது. நூற்பாலைகளுக்காக அவர்கள் நிறுவனம் செய்த மென்பொருள் திறக்கவே பதினொரு நொடி ஆனது. பழி அவள் எழுதிய பகுதியின் மேல்.

மேலாளர் கனகசபாபதி எல்லோரையும் கூட்டினார். "மதியத்துக்குள்ள ரெண்டே நொடியில திறக்கணும்மா. இல்லேன்னா பையைத் தூக்கிட்டுக் கிளம்பு."

"சரிங்க சார். எது நேரத்தைத் தின்னுதோ, அதை எடுத்துடலாங்களா?"

"யார் வெச்சதா இருந்தாலும் எடு!"

கணினி ஒவ்வொரு கணமும் என்ன செய்கிறது என்று பதிவுசெய்யும் டிரேஸ் கருவியை ஓடவிட்டு, அவள் மென்பொருளைத் திறந்தாள். பெரிய திரையில் வண்ணப் பட்டைகள் வந்தன. அவள் பகுதி கடுகளவு. மற்றபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சிவப்புப் பட்டை, ஒன்பதரை நொடி.

"யாரோடது அது?" என்று சீறினார் கனகசபாபதி.

அவள் பட்டையைச் சொடுக்கினாள். மென்பொருள் திறக்கும்போது கைகூப்பி வணக்கம் சொல்வதற்காகக் கனகசபாபதியே கொடுத்திருந்த அவருடைய படம். பிறந்தநாளுக்கு நாற்பதடி ஃபிளெக்ஸ் அடித்த அதே படம், அதே அளவில்.

"எடுக்கட்டுங்களா சார்? இல்ல, வணக்கத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கிறீங்களா?"

அறை குலுங்கியது. கனகசபாபதியும் சிரிப்பை அடக்க முடியாமல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தன் படத்தைத் தானே அழித்தார்.