பெரணி மேல் விழுந்த பழி

முன்னொரு காலத்தில், மலையடியில் இருந்த நெல்லிவனத்தைச் சஞ்சலவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட, அங்குமிங்கும் நடந்தான் என்பதே சரி. பிள்ளையில்லாத கவலை. சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் முள் குத்தியதுபோல் எழுந்துவிடுவான்.

சபையில் அகோரம் என்றொரு ஜோசியர். தன் மகளை ராணியாக்கிவிட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. ஒரு நாள் நந்தவனச் சுவரில் ஒட்டி வளர்ந்த குட்டிப் பெரணிகளைக் காட்டினார்.

"பூக்காது, காய்க்காது, விதை விடாது. மலட்டுக் குலம், மகாராஜா! இது இருக்கும் அரண்மனையில் தொட்டில் ஆடுமா?" சொல்லிவிட்டு ராணி வஞ்சுளவல்லியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சுரண்டி எறியுங்கள்! ராணியும் பிறந்தகம் போகட்டும்!" என்று கத்தினான் ராஜா.

மந்திரி குழைக்காதர் எழுந்தார். "இந்தக் குலம் மலடில்லை என்று நான் காட்டிவிட்டால் ராணி இருக்கலாமா? மழைக்காலம் முடியட்டும், மகாராஜா." ராஜா சம்மதித்தான்.

"காட்டினால் என் பதவியையே விடுகிறேன்!" என்று சிரித்தார் அகோரம்.

"அப்படியானால் ஜோசியரே, உங்கள் கைராசியாலேயே சுரண்டுங்கள். தோஷம் வீட்டுக்குள் வரக்கூடாது பாருங்கள். இழவுக்குப் போய் வந்தாற்போல், உங்கள் வீட்டுக் கிணற்றடியில் சால்வையை நன்றாக உதறித் தலைமுழுகிவிட்டு உள்ளே போங்கள்."

அகோரம் அப்படியே செய்தார்.

மழை பிடித்தது. ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தவன் பாதியில் எழுந்து, "முளைத்ததா?" என்பான். "பொறுங்கள்" என்பார் மந்திரி.

கார்த்திகைக் கடைசியில் ராஜாவையும் ராணியையும் அகோரத்தின் வீட்டுக்கு அழைத்துப்போனார். அந்த ஆடியில்தான் கட்டிய புதுக் கிணறு. ஈரச் செங்கல் எங்கும் நகத்தளவு வெற்றிலைபோலப் பச்சைச் செதில்கள். அவற்றின் அடியிலிருந்து சுருண்ட குருத்தும் பிஞ்சுப் பெரணியும் எட்டிப் பார்த்தன.

"இந்தப் பிள்ளைகள் யாருடையவை, ஜோசியரே?" என்றார் மந்திரி.

"ஐயோ, நான் நடவில்லை!"

"நீங்கள்தானே இங்கே சால்வையை உதறினீர்கள்!"

மந்திரி மடியிலிருந்து ஒரு பெரணி இலையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள். தட்டியதும் பொடி பறந்தது. "சுரண்டியபோது சால்வையில் ஒட்டி வந்து இங்கே முளைத்தது இந்தப் பொடிதான். பூ வைத்து ஊருக்குக் காட்டும் குலம் ஒன்று. பிள்ளைகளை முதுகில் சுமக்கும் குலம் இது. ஒன்றின் படியால் மற்றதை அளக்கலாமா?"

அகோரத்தின் பதவி அங்கேயே போயிற்று. அரண்மனைச் சுவருக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கும் வேலை கிடைத்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான்.

"ராணி, நீ போக வேண்டாம்" என்றான்.

ராணி அசையவில்லை. "செடியைப் பழித்தவர் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நீங்கள் மட்டும் பார்த்தீர்களா? பிள்ளை இல்லாதது நம் இரண்டு பேருக்கும். பிறந்தகம் போக வேண்டியது மட்டும் நானா?"

அத்தனை நாள் அலைந்த கால்கள் ஓய்ந்து, ராஜா அந்தக் கிணற்றுக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டான்.