மகாராஜா பார்க்காத விடியல்

கொன்றைக்கோட்டை அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜா கண் விழித்த பிறகுதான் விடியல் முரசு கொட்டும். ராஜா திருமலைக்கொழுந்து விழிப்பதோ உச்சிவேளையில்! அதனால் அங்கே விடியற்காலை என்றால் வெயில் மண்டையைப் பிளக்கும். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும்.

இது தெரியாத வெளியூர் ஓவியர் கோபண்ணா, ‘விடியற்காலை’ என்று ஒரு நீர்வண்ணப் படத்தைச் சபைக்குக் கொண்டுவந்தார். ஆற்றின்மேல் பனிமூட்டம், அதில் பாதி கரைந்த மண்டபம், ஈரத்தாளில் ஊறிப் பரவிய இளஞ்சிவப்பு வானம்.

“இதுவா விடியல்? வெயிலையே காணோமே!” என்றார் ராஜா.

பிரதானி சடையப்பர் முந்திக்கொண்டார். “பொய்ப்படம், மகாராஜா! தினமும் விடியலைப் பார்க்கிற எங்களுக்குத் தெரியாதா? இவன் கட்டைவிரலை வாங்கிவிடலாம்.”

சபை மொத்தமும் தலையாட்டியது. அத்தனை பேரும் கோழி கூவும்போதே எழுந்து, பழையது சாப்பிட்டு, முரசுக்காகக் காத்துக் கிடந்து, இப்போதுதான் எழுந்தவர்களைப் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர்கள்.

கோபண்ணா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார். ஆலோசகர் அலங்காரம் பிள்ளைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. படம் உண்மை என்றால் ராஜா தூங்குமூஞ்சி. பொய் என்றால் விரல் போச்சு. தொண்டையைச் செருமினார்.

“தண்டிக்க வேண்டியதுதான், மகாராஜா. ஆனால் முதல் குற்றவாளியை விட்டுவிட்டு இவரையா?”

“யாரய்யா அது?”

“சூரியன்! முரசு கொட்டுமுன்னே திருட்டுத்தனமாக எழுந்து ஆற்றங்கரையில் உலாத்துகிறான். இவர் பார்த்ததை வரைந்துவிட்டார், பாவம்.”

“என் உத்தரவு இல்லாமலா? பிடித்து வாருங்கள்!”

“சேவகர்களை அவன் மதிப்பானா? தாங்களே வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.”

மறுநாள் இருட்டோடு பல்லக்கு கிளம்பியது. படத்தோடு கோபண்ணாவும் சபையாரும் பின்னால் நடந்தார்கள். கொட்டாவி விட்டபடி ஆற்றங்கரையில் இறங்கிய ராஜா, அப்படியே நின்றுவிட்டார். பனிக்குள் மண்டபம் மிதந்தது. வானம் மெல்லச் சிவந்து தண்ணீரில் இறங்கியது. படத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். தன் கங்கணத்தைக் கழற்றிக் கோபண்ணாவின் கையில் மாட்டினார்.

பிறகுதான் திரும்பினார். “சடையப்பரே, தினமும் பார்த்தேன் என்றீரே?”

“நேற்றுவரை இப்படி இல்லை, மகாராஜா! படத்தைப் பார்த்துச் சூரியன் திருந்திவிட்டான்!”

ராஜா தலையில் அடித்துக்கொண்டார். “பிள்ளை, அகப்பட்ட சூரியனுக்கு என்ன தண்டனை?”

“தினமும் இதே நேரத்துக்கு வந்து தங்கள் முன்னால் கைகட்டி நிற்கட்டும், மகாராஜா.”

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். “அடப்பாவி! அது அவனுக்குத் தண்டனையா, எனக்கா?”