அப்பளம் வாங்கப் போன பிள்ளை

"டீச்சர், என் நாவலுக்கு அணிந்துரை எப்ப தருவீங்க?" என்று கேட்டார் ஆறுமுகநயினார்.

"பிள்ளை வீட்டுக்கு வரட்டும் அண்ணாச்சி," என்றார் ரெஜினா டீச்சர்.

"எந்தப் பிள்ளை?"

டீச்சர் ஒரு கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார். உள்ளே ஒரே ஒரு புளியங்கொட்டை கிடந்தது.

ஆறுமுகநயினாருக்கு வயது அறுபத்து மூன்று. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு முப்பத்தொன்பது. மூன்று நாவல் எழுதியவர். தூத்துக்குடியில் அவர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் எழுதக் கற்றுக்கொள்ள வருவார்கள். வயதில் மூத்த சிஷ்யர் நயினார்தான். அடம் பிடிப்பதிலும் அவரே மூத்தவர்.

கையெழுத்துப் படியைப் படிக்க டீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு கிண்ணம் இருக்கும். கதையில் யாராவது வீட்டை விட்டு வெளியே போனால் இடது கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை விழும். அந்த ஆள் திரும்பி வந்தாலோ, போன இடத்திலேயே தங்கிவிட்டாலோ, செத்தே போனாலோ, கொட்டை வலது கிண்ணத்துக்கு மாறும். இடது கிண்ணம் காலியாகாமல் அவர் யாருக்கும் அணிந்துரை எழுதியதில்லை.

"நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்," என்றார் டீச்சர். "வீட்ல விருந்து. பந்தியில அப்பளம் தீந்துபோச்சு. பெரியப்பா ஒரு சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புதாரு. இப்ப அறுநூத்தி நாப்பதாம் பக்கம். நாவலே முடிஞ்சுபோச்சு. பிள்ளை எங்க?"

ஆறுமுகநயினார் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே ஒன்பது வருடமாகக் காத்திருந்த சிரிப்பு அது.

"அதுதான் டீச்சர் நாவலே. அந்தச் சிறுமி ஒரு குறியீடு."

"எதுக்கு?"

"அதே பந்தியிலதான அண்ணன் தம்பிக்குச் சண்டை வருது? குடும்பம் ரெண்டாப் போகுது. அவ வெளிய போறப்ப வீட்டோட வெகுளித்தனமும் சேந்து வெளிய போயிருது. அப்பளம் வட்டமா இருக்கு, அது முழுமை. தொட்டா உடையும், அது உறவு. அவ திரும்பலை. முழுமையும் திரும்பலை."

விமர்சகர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான்கு பக்கம் விளக்கக் குறிப்பும் எழுதி வைத்திருந்தார். பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

டீச்சர் நான்கு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கு. பிள்ளை பேரு என்ன?"

"சிறுமின்னுதான் எழுதியிருக்கேன். பேரு வச்சா குறியீடு சின்னதாயிரும்லா?"

"காலையில என்ன சாப்பிட்டா?"

"அது... யோசிக்கலையே."

"செருப்பு போட்டிருந்தாளா? அக்கினி நட்சத்திர வெயில்னு நீங்கதான எழுதியிருக்கிய?"

ஆறுமுகநயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"டீச்சர், புத்தகக் கண்காட்சிக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. உங்க அணிந்துரை இருந்தாத்தான் புத்தகம் போடுவேன்னு பதிப்பாளர் கறாராச் சொல்லிட்டாரு. ஒன்பது வருஷம் எழுதியிருக்கேன். ஒரு அப்பளத்துல கொண்டுபோய் நிறுத்துதீங்களே."

டீச்சருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொட்டை இடது கிண்ணத்திலேயே கிடந்தது.

உள்ளேயிருந்து சாம்பார் வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலும் சாப்பாடும் அங்கேயே, எல்லோரும் சேர்ந்து.

"அண்ணாச்சி," என்றார் டீச்சர், "அப்பளம் இல்ல. ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கிட்டு வந்திருதியளா?"

அப்பளம் இல்லாத சாப்பாட்டை ஆறுமுகநயினார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முக்குக் கடை பூட்டியிருந்தது. அடுத்த கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது. மூன்றாவது கடை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட்டும் அடைத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, முக்கால் மணி நேரம் கழித்து மாடி ஏறினார்.

பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மற்ற நான்கு பேரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏப்பம் விட்டார்.

"டீச்சர், அப்பளம்."

யாரும் நிமிரவில்லை.

"டீச்சர்!"

"அடடே," என்றார் டீச்சர். "நீங்க எதுக்குத் திரும்பி வந்திய?"

"எதுக்கா? சாப்பிடத்தான்!"

"கெடுத்துட்டியளே அண்ணாச்சி. நீங்க போனது எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா! கொதிக்கிற வெயில், தனி ஆளு, கையில வெறும் பை. இவங்க நாலு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதிட்டு இருக்காங்க. நீங்க வராம இருந்திருந்தா கதை எங்கயோ போயிருக்கும்."

ஒருவர் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"எனக்குப் பசிக்குது டீச்சர்!"

கத்தியே விட்டார். கத்திய பிறகு அவருக்கே திக்கென்று இருந்தது.

டீச்சர் அவர் கையிலிருந்த அப்பளக் கட்டைப் பார்த்தார். ஆறுமுகநயினாரும் அதைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார்.

கட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவ பேரு வடிவு."

எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவை வைத்துவிட்டார்கள்.

"என் தம்பி மக. அப்ப ஒன்பது வயசு. கோவில்பட்டியில தம்பி புதுவீட்டுப் பால்காய்ப்பு. பந்தியில உக்காந்துட்டு, 'பெரியப்பாவுக்கு அப்பளம் வாங்கிட்டு வாடா கண்ணு'ன்னு நான்தான் அனுப்பினேன். அவ அந்தப் பக்கம் போறா, இந்தப் பக்கம் பேச்சு தடிச்சுப்போச்சு. பாதி எலையில எந்திரிச்சுட்டேன். கார் பிடிச்சு வந்தவன்தான். பதினேழு வருஷமாச்சு. அந்த ஊர்ப் பக்கமே போகலை."

"பிள்ளை?"

"அவ கடையிலேர்ந்து வந்தப்ப நான் அங்க இல்லையே டீச்சர். அதுக்கு மேல எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சவங்ககிட்ட கேக்கலாம்லா?"

டீச்சர் எழுந்து உள்ளே போனார். மூடி வைத்திருந்த ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். சோறு, சாம்பார், இரண்டு வகைப் பொரியல். எல்லாம் சூடாகவே இருந்தன.

"கட்டைத் தாங்க. பொரிச்சுக் கொண்டாறேன்."

"வேண்டாம் டீச்சர்," என்றார் ஆறுமுகநயினார். "இது இருக்கட்டும்."

முதல் தடவையாக அப்பளம் இல்லாமல் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தார். தாமதமாக வந்தார். கையில் கையெழுத்துப் படி இல்லை. புதுச் சட்டை போட்டிருந்தார்.

"பிள்ளை வந்தாளா அண்ணாச்சி?"

"அவ அன்னைக்கே வந்துட்டாளாம் டீச்சர். பத்தே நிமிஷத்துல."

"யார் சொன்னா?"

"அவதான். போன ஞாயித்துக்கிழமை கோவில்பட்டிக்குப் போனேன். தெரு வரைக்கும் போயிட்டு ரெண்டு தடவை திரும்பிட்டேன். ஊர் நெலத்தையெல்லாம் அளந்தவனுக்கு அந்த நாலடி வாசலைத் தாண்ட முடியலை. அப்புறம் ஒரு வழியா பெல்லை அடிச்சேன். கதவைத் திறந்தது வடிவு. இடுப்புல ஒரு கைக்குழந்தை. என் மூஞ்சியைப் பாத்தா. என் கையில இருந்த அப்பளக் கட்டைப் பாத்தா."

நிறுத்தி, மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"என்ன சொன்னா?"

"'ஒரு கட்டு அப்பளம் வாங்க இவ்வளவு நேரமா பெரியப்பா?'ன்னா."

மாடியே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். கண் மட்டும் நிற்காமல் ஒழுகியது.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் இடது கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார்.

"பிள்ளை அன்னைக்கே வந்துட்டான்னா, இத்தனை நாளா இதுக்குள்ள கிடந்தது யாரு?"

ஆறுமுகநயினார் கொட்டையை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். வலது கிண்ணத்தில் அவரே போட்டார். போட்டுவிட்டு எழுந்து செருப்பை மாட்டினார்.

"அண்ணாச்சி, எங்க கிளம்பிட்டிய? அணிந்துரை வேண்டாமா?"

"நீங்க மெதுவா எழுதுங்க டீச்சர்," என்றார் அவர், பாதிப் படி இறங்கியபடியே. "கோவில்பட்டியில தம்பி எலையைப் போட்டுட்டு உக்காந்திருக்கான்."